சண்டை போட்டால்தான் சமாதானச் சான்றிதழ்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது வார்டிலே இரண்டு நர்ஸ்கள். தலை நரைத்தவளைப் பெரியக்கா என்பார்கள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவளைச் சிட்டு என்பார்கள். இருவருக்கும் சண்டையே கிடையாது. அதுதான் வினையாகப் போயிற்று.

பெரியக்காவின் மகளுக்கு வியாழக்கிழமை பிரசவ ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். ஊரில் பாதிப் பேரைப் பிறந்தவுடன் கையில் வாங்கியவளுக்குத் தன் பேரப்பிள்ளையை வாங்க ஆசை இருக்காதா? "போயிட்டு வாங்கக்கா, உங்க டியூட்டிய நான் பாக்கறேன்" என்றாள் சிட்டு. டியூட்டி மாற்றத் தலைமுறை நல்லிணக்க அதிகாரியின் கையெழுத்து வேண்டும். புதிதாக உண்டாக்கிய பதவி. மேஜை மேல் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை.

அதிகாரி இருவரின் பிறந்த வருஷத்தையும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"உங்களுக்குள்ள தலைமுறை இடைவெளி இருக்கு. சமாதானச் சான்றிதழ் இல்லாம மாத்த முடியாது."

"குடுத்திடுங்க சார்."

"சண்டை முடிஞ்சாத்தானே சமாதானம்? எப்ப சண்டை போட்டீங்க?"

"போட்டதே இல்லையே சார்."

"பாத்தீங்களா! உள்ளுக்குள்ளயே அடக்கி வெச்சிருக்கீங்க. ரொம்ப ஆபத்து."

வேறு வழியில்லை. அதிகாரி முன்னிலையில், வார்டின் நடுவில், மோதல் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது.

"எப்பப் பாத்தாலும் போனும் கையுமா இருக்கேடி" என்றாள் பெரியக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"இன்னும் கொஞ்சம் மனசு நோகற மாதிரி" என்றார் அதிகாரி.

சிட்டு இடுப்பில் கை வைத்தாள். பெரியக்காவைப் போலவே மூக்கால் பேசினாள்: "'எங்க காலத்துல நாங்க உக்காந்ததே இல்ல!' நீங்க உக்காராததுக்கு நாங்க என்னக்கா பண்றது?"

வார்டே சிரித்தது. கைதட்டப் போன கிழவருக்கு ட்ரிப் ஊசி பிடுங்கிக்கொண்டது. பெரியக்காவுக்குச் சுருக்கென்றது.

"பாத்ரூம்ல உக்காந்து அழுதியே, அன்னிக்கு உன் வேலையையும் சேத்துச் செஞ்சது யாருடி?"

சிட்டுவின் முகம் செத்துப்போயிற்று. அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

"அருமை! அசல் இடைவெளி!" என்று அதிகாரி துள்ளினார். "இதுக்குச் சான்றிதழ் பத்தாது. பயிற்சி முகாம். வியாழக்கிழமை. ரெண்டு பேரும் கட்டாயம்."

"வார்ட யாரு சார் பாக்கறது?"

"நோயாளிகள்லயும் பெரியவங்க சின்னவங்க இருக்காங்களே, ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கட்டும்."

அப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. புதன் சாயங்காலம் உடை மாற்றும் அறையில் சிட்டுதான் வாய் திறந்தாள்.

"நீங்க மகள்கிட்ட போங்கக்கா."

"அங்க பேர் கூப்பிடுவாங்களே?"

சிட்டு இடுப்பில் கை வைத்து மூக்கால் சொன்னாள்: "நான் பாத்துக்கறேன்டி."

வியாழக்கிழமை பெரியக்கா பேத்தியைக் கையில் வாங்கினாள். முகாமில் நடந்ததைப் பிறகு சிட்டு சொல்லக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அதிகாரி தலை நிமிராமல் பெயர் வாசித்தாராம். ஒரே நாற்காலியிலிருந்து இரண்டு குரல். மூக்குக் குரல் மன்னிப்புக் கேட்டது. சொந்தக் குரல் பெருந்தன்மையோடு மன்னித்தது. கடைசியில் நிமிர்ந்து பார்த்த அதிகாரி, இருவரும் ஒருவராகவே ஆகிவிட்டார்கள் என்று மெய்சிலிர்த்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

மேலிடமும் மெய்சிலிர்த்தது. ஆணை வந்தது: 'இருவரும் ஒருவராகிவிட்டபடியால் ஒரு நர்ஸ் பணியிடம் ரத்து. இடைவெளி நீங்கிவிட்டபடியால் அதிகாரி பணியிடமும் ரத்து.'

அதிகாரி வேர்க்க விறுவிறுக்க வார்டுக்கு ஓடி வந்தார்.

"ஏம்மா, உங்களுக்குள்ள சின்னதா ஒரு மனஸ்தாபம்கூட..."

"இல்லையே சார்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"இருந்தாத்தாம்மா நம்ம மூணு பேருக்கும் வேலை!"

அன்றிலிருந்து மூன்றாவது வார்டில் திங்கட்கிழமை தோறும் சண்டை. கிழவர் முன்கூட்டியே ட்ரிப் கையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார். அதிகாரி 'அசல் இடைவெளி' என்று சான்றிதழ் எழுதி, முத்திரை குத்தி, நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு திங்கட்கிழமை அவர் போனதும் சிட்டு மெல்லக் கேட்டாள்: "ஏங்க்கா, இன்னிக்கு என்னைச் சொன்னீங்களே... அது நடிப்புதானே?"

"சான்றிதழ்ல என்ன போட்டிருக்குன்னு பாருடி" என்றபடி பெரியக்கா ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள்.