முப்பது சென்ட், வட துருவம் அருகில்

"மறுபடியும் அதே பதிலா?" அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள் அஜிதா.

செல்வமணி போனை மனைவியிடம் நீட்டினான். ஒட்டகத்தோடு சிரிக்கும் புரொஃபைல் படம். துபாய் அனில்.

'போட்டோ சூப்பர். ஆனா ஃபைலுக்குள்ளே எடுத்த இடத்தோட லொக்கேஷன் இல்லையே? நெட்டில் சுட்ட படம்னு பேங்கில் லோனைத் தள்ளிடுவாங்க.'

"மூணாவது தடவை!" என்று பல்லைக் கடித்தான் செல்வமணி.

கடிக்காமல் என்ன செய்வான்? ஆறு மாதத்துக்கு முன் சாலை பஜாரில் மாமாவின் இரும்புக் கடையை உதறிவிட்டு நிலப் புரோக்கர் ஆனவன். இதுவரை ஒரு சென்ட்கூட விற்றதில்லை. 'ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ஒரு இடமாவது முடி. இல்லைன்னா திங்கக்கிழமை காலம்பற கடையில ஆணி நிறுக்க வந்துரு' என்று மாமா கெடு வைத்திருந்தார். இன்று வியாழன். கையில் இருக்கும் ஒரே பார்ட்டி அனில். ஒரே இடம், கல்லாற்றங்கரையில் லீலாபாயின் முப்பது சென்ட் ரப்பர் தோட்டம்.

படம் எடுத்தபோது மழை. எடிட்டிங் ஆப்பில் வானத்தை நீலமாக்கினான். ஆற்றைப் பளபளப்பாக்கினான். ஓரத்தில் நின்ற மைல்கல்லையும் சர்ச் போர்டையும் சுத்தமாக அழித்தான். அது தொழில் ரகசியம். இடம் தெரிந்துவிட்டால் பார்ட்டி புரோக்கரைக் கழற்றிவிட்டு நேராக உரிமையாளரிடம் போய்விடும். உள்ளூர்ப் பார்ட்டி என்றால் வித்துரா ஊரை மூன்று தரம் சுற்றி, ஆளுக்குத் தலை கிறுகிறுத்த பிறகுதான் கல்லாற்றுக்கு வண்டியைத் திருப்புவான்.

"எடிட் பண்ணாத ஒரிஜினலை அனுப்புங்களேன்."

"அழிச்சாச்சு. போன்ல இடமில்ல."

"ஊருக்கே இடம் விக்கிற ஆளு!"

சட்டையை மாட்டிக்கொண்டு சாலை பஜாருக்குக் கிளம்பினான். மொபைல் கடை ஸ்ரீஜித் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எக்ஸ்போர்ட் பண்ணினப்போ லொக்கேஷன் போயாச்சு, சேட்டா. நான் புதுசா ஒண்ணு போட்டுத் தரேன். அஞ்சு நிமிஷம்."

ஐந்தே நிமிடம். ஸ்ரீஜித் படத்தை டாக்குமென்டாக அனுப்பிவைத்தான். பதிலும் வந்தது.

'சாலை பஜார் நடுவிலா ரப்பர் தோட்டம்?'

"எடேய், என்னடே செஞ்சே?"

"அய்யோ! இந்த ஆப் நம்ம நிக்கிற இடத்தையே எடுத்துட்டுது, சேட்டா."

எதிர்க் கடை வாசலிலிருந்து ஒரு குரல். மாமா.

"என்ன மாப்ளே, திங்கக்கிழமை இப்பவே வந்துட்டுதா?"

செல்வமணி காது கேளாதவன் போல ஸ்கூட்டரை மிதித்தான்.

வெள்ளிக்கிழமை. இனி யாரையும் நம்புவதில்லை என்று மேப்பைத் திறந்து, கல்லாற்றின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இரண்டையும் தேடி எடுத்து, தானே படத்துக்குள் அடித்து ஏற்றினான். ஸ்ரீஜித் செய்தபடி டாக்குமென்டாகவே அனுப்பினான்.

'செல்வமணி சார், மேப்பில் இது வட துருவம் பக்கத்துப் பனிக்கடல். அங்கே ரப்பர் வளருமா? இன்னிக்குள்ள சரியா வரலைன்னா நான் வேற இடம் பார்த்துக்கிறேன்.'

முன் எண்ணைப் பின்னாலும், பின் எண்ணை முன்னாலும் போட்டிருந்தான்.

"நான் போறேன். ஆணியே நிறுத்துக்கிடுதேன்!" போனைச் சோபாவில் விட்டெறிந்தான்.

அஜிதா அதை எடுத்து நோண்டினாள்.

"எடிட் பண்ணின ஆப்புக்குள்ள பழைய படம் அப்படியே கிடக்கே. பாக்கலையா?"

"என்னது?"

"எக்ஸ்போர்ட் அடிக்கிற இடத்துல, கீழ பாருங்க. லொக்கேஷனையும் சேர்க்கணுமான்னு ஒரு சுவிட்ச் இருக்கு. ஆஃப்ல கிடக்கு."

செல்வமணி பார்த்தான். சின்னஞ்சிறு சுவிட்ச்.

"இதுக்கா ரெண்டு நாளு?"

"நில்லுங்க, சும்மா போட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் லொக்கேஷனை முழுங்கிரும். இதையும் டாக்குமென்டாவே அனுப்பணும்." அனுப்பப்போன விரலை நிறுத்தினாள். "ஆனா இதை வச்சு அவரு இடத்தைக் கண்டுபிடிச்சிர மாட்டாரா?"

"துபாய்ல இருக்கிற ஆளு! பிளேன்ல இருந்து நம்ம தோட்டத்துல குதிக்கவா போறாரு?"

படம் பறந்தது. பத்து நொடியில் ஒரு கட்டைவிரல். கூடவே, 'பக்கா! ரொம்ப நன்றி சார்!'

அன்று செல்வமணி இரண்டு கிளாஸ் பாயசம் குடித்தான். மாமாவிடம் சொல்ல வேண்டிய வசனத்தைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகையும் பார்த்தான்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் போன் அடித்தது.

"மக்கா, நான் கல்லாறு லீலாபாய் பேசுதேன். நீ அனுப்பினதா சொல்லி அந்த அனில் வந்தான். என்ன ஒரு கெட்டிக்காரன்! ஒருத்தர்கிட்டயும் வழி கேக்கல்ல. போனைப் பாத்துக்கிட்டே நேரா தோட்டத்து வாசல்ல வந்து நின்னுட்டான். கூட்டிட்டு வந்த ஆளுக்கு இடம் பிடிச்சுப் போச்சு, இப்பதான் அட்வான்ஸ் தந்தாரு."

"கூட்டிட்டு வந்த ஆளா? அனில் சார்தானே வாங்குறாரு? துபாய்ல இருந்து எப்ப வந்தாரு?"

"துபாயா? அவன் வித்துரா சந்தையில உன்னை மாதிரியே நிலப் புரோக்கர்லா, மக்கா!"