அணுவுக்கு வைத்த எலிப்பொறி

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லத் தெரியாதவர்களுக்கு உலகக் கோப்பை என்று ஒன்று வைத்தால், அது கும்மிடிப்பூண்டிக்குத்தான் வரும். எங்கள் பொறியியல் கல்லூரியில் அணுவியல் நடத்தும் பேராசிரியர் கொண்டுவந்துவிடுவார். ஒரு பதில் இரண்டாகும், இரண்டு நான்காகும்; கேட்டவர் பஸ்ஸை விடுவார். அதனால் அவருக்குச் செயின் ரியாக்‌ஷன் என்று பெயர் வைத்து, நாளடைவில் செயின் சார் ஆக்கிவிட்டோம். அவர் கழுத்தில் குன்றிமணித் தங்கம்கூடக் கிடையாது. நான் அவருக்கு உதவிப் பேராசிரியர்.

டாக்கா, கொழும்பு, காத்மாண்டு பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து அணுப் பொறியியல் பாடம் நடத்த வருஷக்கணக்கில் அலைந்து, ஒருவழியாக அங்கிருந்து மாணவர்களை வரவழைத்தார். செய்முறை வகுப்புக்கு அணு உலைக்கு எங்கே போவது? எலிப்பொறியில் காட்டிவிடலாம் என்றார். ஒவ்வொரு பொறியின் மேலும் ஒரு பிங்பாங் பந்து. ஒன்று தெறித்தால் பந்து நியூட்ரான் போலப் பறந்து அடுத்ததைத் தட்டும். பஜாரில் இருந்த பொறியையெல்லாம் வாங்கப் போனோம்.

“இன்னா சார், காலேஜ்ல அவ்ளோ எலியா?” என்றார் கடைக்காரர்.

“எலி இல்லப்பா. அணு.”

“அதுக்கு உள்ள இன்னா வெப்பீங்கோ, மசால்வடையா?”

சார் விளக்க ஆரம்பித்தார். கடைசியில் கடைக்காரர் மனதில் நின்றது எலி மட்டும். மறுநாள் எங்கள் விடுதியில் எலிக்காய்ச்சல் என்று தேர்வாய் கண்டிகை கிராமம் வரை பேச்சு. சுகாதார ஆய்வாளர் வந்துவிட்டார்.

“வெளிநாட்டுப் பசங்க வேற கீறாங்கோ. ஹாஸ்டல இன்னிக்கே மூடணும்.”

மூடினால் மாணவர்கள் ஊர் திரும்ப வேண்டியதுதான். நான் முதல்வரை அழைத்துவர ஓடினேன். சாரோ விருந்தாளியை அழைப்பது போல அவரை அரங்குக்கு அழைத்துப் போனார். தரை முழுக்கப் பொறி, சுவரோரம் மாணவர்கள்.

“எலி எங்க?” என்று குனிந்த ஆய்வாளரின் சட்டைப் பையிலிருந்து பேனா விழுந்தது.

பட்டாசுக் கடை பற்றிக்கொண்டது போல இருந்தது. பந்துகள் கூரைவரை பறந்தன. முதல்வர் மேஜைக்கு அடியில் போய்விட்டார். எல்லாம் அடங்கியதும் சார் ஆய்வாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“சார், இன்னிக்கு நியூட்ரான் நீங்கதான்.”

ஆய்வாளர் குனிந்து பேனாவைத் தேடி எடுத்தார்.

“சேர், இன்னொருக்கா செய்வமோ?” என்றாள் கொழும்பு மாணவி.

“பேனாவ நானே போடறேன்,” என்றார் ஆய்வாளர்.

மறுபடி பொறி வைக்க மாலையாகிவிட்டது. நேபாளப் பையன் ஒரு வரிசை, டாக்காப் பெண் ஒரு வரிசை, பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு ஆய்வாளர் ஒரு வரிசை. விரல் நசுங்கியபோது அவரவர் தாய்மொழியில் கத்தினார்கள். விடுதியை மூடும் பேச்சு பிறகு எழவில்லை.

சார் இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். இனி அண்டை நாட்டு வகுப்பை யார் பார்த்துக்கொள்வது என்று கூட்டத்தில் முதல்வர் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கியிருந்தேன்.