மேற்குப் பார்த்த வீட்டில் காலை வெயில்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சகலை அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலம் என்பதை நாள்தோறும் காலையில் படத்துடன் அறிவித்துவிடுகிறீர்கள். ஆகவே அதை விசாரிக்கும் வேலை எனக்கு மிச்சம். கைபேசியில் எழுதினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பல் பிடுங்கப் போய்விடுவீர்கள் என்பதால் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலைப் படங்களை நீங்கள் நிறுத்தியாக வேண்டும். பால்கனியில் விரிப்பு, பக்கத்தில் எலுமிச்சை நீர், முகம் நிறைய வெயில், மூடிய கண்கள், திறந்த பற்கள். பல் மருத்துவர் சிரிப்பதைத் தொழில் விளம்பரம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் யாருமில்லாத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பவர் தன்னைத்தானே படம் எடுத்து உறவினர் அனைவருக்கும் அனுப்புவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆயுள் முழுவதும் காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்த கிடங்குகளையும் நசுங்கிய கார்களையும் பார்த்து நஷ்டம் மதிப்பிட்டு ஓய்வு பெற்றவன் நான். உங்கள் சிரிப்பால் என் வீட்டில் ஏற்பட்டுள்ள நஷ்டத்தைக் கீழே தருகிறேன்.

என் மனைவி முன்பெல்லாம் காலையில் இரண்டு காபியோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவாள். ஊர்க்கதை பேசுவோம், பாதி பேரைத் திட்டுவோம், சிரிப்போம். எனக்கு ஒரு நாளில் கிடைத்த நல்ல நேரமே அதுதான். இப்போது என்ன நடக்கிறது? கண்ணாடியை மாட்டிக்கொண்டு உங்கள் படத்தைத் திறக்கிறாள். இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்க்கிறாள். ஒரு பெருமூச்சு. பிறகு என் பக்கம் திரும்பி, இவரும் இருக்கிறாரே என்பதுபோல் ஒரு பார்வை. “என்ன அப்படிப் பார்க்கிறே?” என்றால் “ஒண்ணுமில்ல” என்கிறாள். எங்கள் இல்லறத்தில் ‘ஒண்ணுமில்ல’ என்பதற்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் இருந்ததே கிடையாது. காபி ஆறுகிறது, சகலை. நான் வேகிறேன்.

சரி, நம்மாலும் முடியாதா என்று நீங்கள் அனுப்பியிருந்த காலை ஒழுங்குப் பட்டியலைக் கடைப்பிடிக்க இறங்கினேன். எழுந்ததும் கைபேசியைத் தொடக் கூடாது என்ற முதல் கட்டளை கைபேசியில் இருந்தது, தொட்டுத்தான் படித்தேன். வீட்டில் எலுமிச்சை இல்லை. அதை மனத்தில் நினைத்துக்கொண்டு வெந்நீர் குடித்தேன். அடுத்தது வெயில் களிம்பு. போன முறை வந்தபோது என் மனைவிக்கு வெயில் களிம்பும் எனக்குக் கறை நீக்கும் பற்பசையும் பரிசளித்தீர்கள். யாருக்கு எது என்று தேர்ந்தெடுத்ததில் இருந்த அக்கறையை நான் இன்னும் மறக்கவில்லை. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் குழாய், குளியலறையில் மங்கல் விளக்கு, காலையில் கண்ணுக்கு ஓய்வு தரச் சொன்னதும் நீங்களே, ஆகையால் கண்ணாடி போடவில்லை. நெற்றி, கன்னம், காது என்று தாராளமாகப் பூசினேன். ஜில்லென்று இருந்தது. ஓ, இதைத்தான் புத்துணர்ச்சி என்கிறார்கள் போலும் என்று நானும் இருந்துவிட்டேன்.

அப்புறம் வெயிலைத் தேட வேண்டியதாயிற்று. இந்த ஊரில் ஆண்டு முழுவதும் வெயில் கொட்டுகிறதுதான். ஆனால் எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. உங்கள் பால்கனிக்குக் காலையில் பொன்னாக வரும் அதே சூரியன், எங்கள் ஜன்னலுக்குப் பிற்பகலில் கடன்காரனைப் போல் வந்து நிற்கும். எனவே மொட்டை மாடிக்குப் போனேன். கிழக்கே எழும்பியிருக்கும் உயரமான கட்டடம் மறைத்தது போக, துணிக்கொடி அருகே ஒரு ஆள் நிற்குமளவு வெயில் இருந்தது. கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். கீழ்வீட்டு வக்கீல் குரல் கேட்டது.

“சார், கொஞ்சம் நகருங்க. உங்க நிழல் என் போர்வை மேல விழுது.”

“நான் வெயில் காயறேன் சார்.”

“நீங்க காஞ்சுதானே இருக்கீங்க? போர்வைதான் ஈரமா இருக்கு.”

இடப்பக்கம் நகர்ந்தால் நிழலும் கூடவே நகர்கிறது. வலப்பக்கம் போனால் வெயில் இல்லை. கடைசியில் சமரசம் ஏற்பட்டது. போர்வையின் ஒரு முனையை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் இருவரும் காயலாம் என்றார். ஆக, உங்கள் ஒழுங்கின்படி இவ்வுலகுக்கு நன்றி சொல்ல வேண்டிய வேளையில், யார் வீட்டு ஈரப் போர்வையையோ இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தபடி நின்றேன். ஜில்லென்று இருந்த முகம் மெல்ல எரியத் தொடங்கியது. துடைக்கக் கை இல்லை.

“என்ன சார், பல் தேய்ச்ச வாசனை வருதே?” என்றார் வக்கீல்.

“காலையில எல்லாரும் தேய்க்கிறதுதானே.”

“வாயிலேர்ந்து வரலியே சார். நெத்தியிலேர்ந்துல்ல வருது.”

கீழே ஓடி வந்து குழாயடியில் தலையைக் கொடுத்தேன். மனைவி வந்தாள். “என்னாச்சுங்க?” என்றாள். “புத்துணர்ச்சி” என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், பற்பசைக் குழாயைப் பார்த்தாள். பழைய நாளாக இருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். சிரித்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஈரத் துண்டை என் முகத்தில் போட்டுவிட்டுப் போனாள். அதன் ஓரத்தை விலக்கி எட்டிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து உங்களை விரித்துக்கொண்டிருந்தாள், சகலை. கட்டிய புருஷன் முகம் வெந்து கிடக்கிறது, அந்தம்மாவுக்குத் தங்கை புருஷனின் முகப்பொலிவு கேட்கிறது! இதை எந்த நிறுவனத்தில் போய் நான் காப்பீடு செய்வது?

எனவே மூத்த சகலை என்ற உரிமையில் சொல்கிறேன். நாளை முதல் படம் வரக் கூடாது. நலமாக இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருங்கள்.

உங்களுக்கும் என் மைத்துனிக்கும் சகல சுகங்களும் பெருகட்டும்; உங்களுடையது மட்டும் இப்போதிருக்கும் அளவோடு நிற்கட்டும்.

இப்படிக்கு,
வெந்த முகத்துடன்,
உங்கள் மூத்த சகலை

பின்குறிப்பு: உறை கேட்டபோது என் மனைவி கடிதத்தை வாங்கி, முழுவதையும் நின்றபடியே படித்துவிட்டாள். “அட, நீங்க வேற! அவரை யாரு பாத்தா?” என்றாள். “பின்னே?” என்றேன். படத்தைத் திறந்து உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலைக் காட்டினாள். உள்ளே என் மைத்துனி அடுப்படியில் நிற்கிறாள். “இளைச்சுப் போயிட்டா, பாருங்க. தலைகூட வாரல.” போன முறை நீங்கள் வந்திருந்தபோது அக்காவுக்கும் தங்கைக்கும் ஏதோ வார்த்தை தடித்து, அன்றிலிருந்து பேச்சு இல்லையாம். நான் அந்நேரம் உங்கள் பற்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் முனைப்பாக இருந்ததால் கவனிக்கவில்லை. “நீ கூப்பிடேன்” என்றேன். “மூத்தவ நானா கூப்பிடணும்?” என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆகவே மேலே எழுதியவை அனைத்தையும் ரத்து செய்யவும். படம் தவறாமல் வரட்டும், ஞாயிற்றுக்கிழமையும் வரட்டும். இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டில் மேசைமேல், மைத்துனி கண்ணில் படும்படி மறந்து வைத்துவிடுங்கள். அவள் கூப்பிடும் வரை ஒரே ஒரு உதவி: படம் எடுக்கும்போது நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், மறைக்கிறது.