அக்ஷராவின் கருத்து

‘நல்லாருக்குங்க’ என்று தட்டி அனுப்பிய பிறகுதான் கிட்டுசாமிக்கு வேர்த்தது.

அது அவருடைய போன் இல்லை. மகள் அக்ஷராவின் போன். தை மாதத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அக்ஷரா வீடு திரும்பவில்லை. அவளுடைய துணிமணி, வளையல் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. போனை மட்டும் கிட்டுசாமி தினமும் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

அந்தப் போனில் ‘பக்கம் மடிச்சவங்க’ என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. கதை படிக்கிற பிள்ளைகள். படித்துவிட்டு, எது நல்ல கதை எது குப்பை என்று விடிய விடிய அடித்துக்கொள்வார்கள். அன்று காலை அதன் அட்மின் தேஜஸ்ரீ ஓர் அறிவிப்புப் போட்டிருந்தாள்: ‘கருத்தே சொல்லாமல் சும்மா இருப்பவர்கள் குரூப்பிலிருந்து நீக்கப்படுவார்கள்.’

ரேஷன் கார்டில் மகளின் பெயரை நீக்கச் சொல்லித் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். இன்னொரு முறை அந்த வார்த்தையைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை. தட்டிவிட்டார்.

குரூப்பில் வெகுநேரம் ஒருவரும் மூச்சுவிடவில்லை. பிறகு ஜெயபாண்டி கேட்டான். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன்.

‘எந்தக் கதை நல்லாருக்கு?’

மேலே தள்ளிப் பார்த்தார். இரண்டு கதைகளை வைத்துச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று லைப்ரரியில் கிடைக்கிற பழைய நாவல்; கதாநாயகி கடைசியில் செத்துப்போகிறாள். இன்னொன்று போனில் வாராவாரம் வருகிற தொடர். செத்துப்போனதாக எல்லோரும் நம்பிய பெண் திடீரென்று திரும்பி வந்துவிடுகிறாள்.

கிட்டுசாமி யோசித்து, ‘திரும்பி வர்றதுங்க’ என்று எழுதினார்.

அனுப்பிவிட்டு இன்னும் மேலே தள்ளியபோதுதான், மார்கழியில் அக்ஷரா அதே தொடரைப் பற்றி எழுதியிருந்தது கண்ணில் பட்டது: ‘சரியான குப்பை. செத்தவங்க எப்படி வருவாங்க? காதுல பூ.’

இப்போது காரணம் சொல்லியாக வேண்டும். கிட்டுசாமி பள்ளிக்கூடப் பாடத்தில் வந்ததைத் தவிர வேறு கதை படித்தவர் இல்லை. அனுப்பர்பாளையத்தில் சின்னதாகப் பவர் டேபிள், அதாவது வரிசையாக மின் தையல் மிஷின், போட்டு டீ-சர்ட் தைத்துக் கொடுப்பவர். நேரே செக்கிங் பகுதிக்குப் போனார். அங்கே தைத்த பீஸில் பழுது பார்த்துப் பிரிக்கும் கருத்தம்மா ஓய்வில் போனும் கையுமாக இருப்பாள்.

“ஏனுங்க கருத்தம்மா, செத்த புள்ளை திரும்பி வர்ற கதை ஒண்ணு வருதாமே, படிக்கறீங்களா?”

கருத்தம்மா போனைப் பீஸ் குவியலுக்குள் ஒளித்தாள். “மொதலாளி, டீ டைம்ல மட்டுந்தான் படிக்கேன். வேற நேரம் தொடுறதே இல்ல.”

“அட, அதுக்கில்லீங்க. அதுல என்ன நல்லாருக்குதுன்னு சொல்லுங்க.”

“கதாநாயகனுக்குக் கோவம் சாஸ்தி. ஆனா பாசக்காரன். ஆளு ஆறடிக்கு மேல.”

அப்படியே எழுதி அனுப்பினார்: ‘கதாநாயகனுக்குக் கோபம் ஜாஸ்தி. ஆனா பாசமுங்க. ஆளு ஆறடிக்கு மேல.’

‘அக்ஷராவா இப்படி’ என்று பிரியங்கா என்ற பெண் ஆரம்பித்தாள். எழுதிய வேகத்திலேயே அதை அழித்தும்விட்டாள்.

கிட்டுசாமி போனைக் கவிழ்த்து வைத்தார். இனி இரவல் கருத்து உதவாது, தானே படித்துவிடுவதுதான் வழி என்று முடிவெடுத்தார். மகள் மேசையில் கிடந்த பழைய நாவலை எடுத்தார். கதை படிக்கத் தெரியாவிட்டாலும் சரக்குப் பார்க்கத் தெரியும் அவருக்கு. மடிப்பைப் பிரித்து, தையலை இழுத்துப் பார்ப்பதுபோல வரிவரியாகப் படித்து, கருத்தை எழுதினார்:

‘முதல் பாதி நல்ல காட்டன். தையல் நேர். ரெண்டாம் பாதியில சாயம் லேசாப் போகுது. கடைசியில அந்தப் புள்ளையச் சாகடிச்சது கட்டிங் மிஸ்டேக். சரக்கு ரிஜெக்ட்.’

குரூப் குதூகலமாகிவிட்டது. அந்தச் சாவுதான் கதைக்கே உயிர் என்று மாதக்கணக்கில் வாதாடி வந்த ஜெயபாண்டி, ‘ஆமா, மிஸ்டேக்தான்’ என்று ஒரே வரியில் ஒத்துக்கொண்டான். அவ்வளவு சுலபமாக அவன் சாய்ந்தது கிட்டுசாமிக்கே சப்பென்றிருந்தது. இருந்தாலும் சிரித்துவிட்டார்.

மனைவி பழனியம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இந்த வயசுல ஆருகூடங்க சிரிச்சுப் பேசிட்டு இருக்கறீங்க?”

“ஏஜெண்டு.”

“ஏஜெண்டுக்கு எதுக்குங்க பூ பொம்மை போடறீங்க?”

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரோ சிரித்தார்களே என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது போல.

பூ பொம்மையோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். பின்னாலேயே வந்தது ஜெயபாண்டியின் யோசனை: ‘எல்லாரும் கருத்தை வாய்ஸ் நோட்டாப் போடலாமா?’

கிட்டுசாமி தொண்டையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் மறு நொடியே தேஜஸ்ரீ, ‘வேண்டாம் வேண்டாம், எழுதினாப் போதும்’ என்று தடுத்துவிட்டாள். முருகன் காப்பாற்றினான் என்று நினைத்துக்கொண்டார். முருகன் அரை மணி நேரம்தான் காப்பாற்றினான்.

‘ஞாயித்துக்கிழமை அவிநாசி ரோடு பேக்கரியில நேர்ல பேசலாம். அக்ஷரா, நீ கண்டிப்பா வரணும்’ என்று தேஜஸ்ரீயே எழுதினாள்.

‘முன்னப்பின்ன பாக்காம எப்படீங்க வர்றது?’ என்று எழுதினார்.

தேஜஸ்ரீ ஏதோ தட்டுவதாகத் திரையில் வந்து வந்து மறைந்தது. பிறகு, ‘பரவால்ல, வா.’

‘ஊட்டுல பெயிண்ட் அடிக்கறாங்க.’

‘அப்ப நாங்க வந்து அடிச்சுத் தர்றோம்’ என்றான் ஜெயபாண்டி.

கிட்டுசாமி கூடத்தை நிமிர்ந்து பார்த்தார். மாலை போட்ட படம் வாசலைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளைகள் உள்ளே வந்தால் எல்லாம் முடிந்தது. அந்தக் குரூப்பில் மட்டும்தான் அக்ஷரா இன்னும் இருக்கிறாள். அங்கேயும் இல்லாமல் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவரே பேக்கரிக்குப் போனார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பொய்யை, தேஜஸ்ரீ, ஜெயபாண்டி, பிரியங்கா மூன்று பேரும் எழுந்து நின்றதும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

“நான் அக்ஷரா அப்பனுங்க. புள்ளைக்குப் பெங்களூர்ல வேலை கெடைச்சுத் திடீர்னு கெளம்பிட்டா. லீவே குடுக்க மாட்டீங்கறாங்களாமா. கருத்தை என்றகிட்டச் சொல்லி உட்டிருக்கறா.”

தேஜஸ்ரீ குனிந்து டீயைப் பார்த்தாள். “சரிங்க அங்கிள்.”

“அங்க சாப்பாடெல்லாம் ஒத்துக்கிடுதா சார் அவளுக்கு?” என்று ஜெயபாண்டி கேட்டான்.

“ஒத்துக்குது தம்பி. கொஞ்சம் மெலிஞ்சுட்டா.”

பிரியங்கா ஜன்னலோரத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். “இங்க உக்காருங்க அங்கிள். அவ என்ன சொல்லி விட்டான்னு சொல்லுங்க.”

கிட்டுசாமி உட்கார்ந்தார். சலவைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

“அந்தத் தொடர்ல புள்ளை திரும்பி வந்து கதவைத் தட்டுது. அப்பங்காரன் தொறக்கறான். செத்தவ எப்படி வருவா, இதுல அறிவு எங்கிருக்குதுன்னு நீங்க கேக்கறீங்க. நாயந்தான். ஆனா கண்ணு, தட்டுற சத்தம் கேட்டா அந்த அப்பன் அறிவையா தேடுவான்? ஓடிப்போயித் தொறப்பான். அவ்வளவுதான் கதை. இது அவ கருத்து.”

கை கழுவ என்று எழுந்துபோன ஜெயபாண்டி திரும்பி வர வெகுநேரமாயிற்று.

“அடுத்த மாசமும் அவ கருத்தை வந்து சொல்லுங்க அங்கிள். நாங்க கேட்டோம்னு சொல்லுங்க” என்றாள் தேஜஸ்ரீ.

மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தோம் என்ற நிம்மதியோடு கிட்டுசாமி வெளியே வந்தார். வாசலில் டீ மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, நீங்க அந்தப் புள்ளைங்களுக்குச் சொந்தமுங்களா?”

“ஏங்க கேக்கறீங்க?”

“ஒண்ணுமில்லீங்க. அவங்ககூட எப்பவும் வர்ற புள்ளை ஒண்ணு தை மாசம் தவறிப்போச்சுங்க. அதுக்கப்பறம் அந்தப் புள்ளையோட சேர்ல ஒருத்தரையும் உக்கார உட்டதில்லீங்க அவங்க. இன்னிக்கு உங்களை உக்கார வெச்சாங்களே, அதான் கேட்டனுங்க.”