பின் கண்ணாடிக்குத் தண்ணீர்

டிரசர் பரஞ்சோதி காரின் பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு, தண்ணீர்ப் பாட்டிலின் அடியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

"இப்ப அமுக்கு, ஜேன்."

முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த மகள் பொத்தானை அமுக்கினாள். "கேக்குதாப்பா?"

"கேக்குது. மோட்டாருக்கு உயிர் இருக்கு. தண்ணிதான் வரல. மேல எங்கயோ அடைப்பு."

பதினெட்டு வருஷமாக மலேசியாவில் மெர்போக் பக்கத்து ரப்பர் எஸ்டேட் மருந்தகத்தில் காய்ச்சலுக்கும் கட்டிக்கும் வைத்தியம் பார்த்துவருகிறவர். எதைப் பார்த்தாலும் அவருக்கு நோயாளியாகத்தான் தெரியும்.

அந்தக் கார் வீட்டுக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. இன்னொருவர் ஓட்டித் தேய்த்த காராக இருந்தாலும், பின் கண்ணாடிக்குத் தனியாக ஒரு வைப்பர் இருந்தது. பொத்தானை அமுக்கினால் அந்தக் கண்ணாடிக்குத் தண்ணீரும் அடிக்கும். மேனேஜர் துரையின் காருக்கே அந்த வசதி கிடையாது. முதல் வாரம் லயத்துத் தொழிலாளர் ஜனங்களை வரிசையாக நிற்கவைத்து நாற்பது தடவையாவது அடித்துக் காட்டியிருப்பார். எண்பத்தைந்தாம் வருஷத்தில் அந்த எஸ்டேட்டில் அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்றும் இல்லை.

அப்படி அடித்த தண்ணீர் வியாழக்கிழமை நின்றுபோயிற்று. சனிக்கிழமை காலையில் ஆபீஸ் டெலிபோனைப் பார்த்துக்கொள்ளும் பிரேமாவதி சைக்கிளில் பறந்து வந்தாள்.

"டிரசர் ஐயா, பாலிங்லேருந்து போன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. நாளைக்குச் சாயந்தரம் பொண்ணு பாக்க வர்றாங்களாம். அப்புறம் ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. 'டிரசர்கிட்ட பின்னாடி தண்ணி அடிக்கிறது உண்டாமே, நெசமா'ன்னு."

பரஞ்சோதிக்கு உடம்பெல்லாம் பூரித்தது. காரின் புகழ் பாலிங் வரை போய்விட்டதே!

"லைன்லதான் இருக்காங்களா?"

"பத்து நிமிஷத்துல திரும்ப போடுறேன்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப இப்படிச் சொல்லு. பின்னாடி மட்டுமில்ல, முன்னாடியும் உண்டு. நாளைக்கு நேர்ல வாங்க, கண்ணு முன்னாடியே அடிச்சுக் காட்டுறேன்னு சொல்லு."

பிரேமாவதி அதை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினாள்.

அவள் போன பிறகுதான் தண்ணீர் வராத நினைப்பு அவருக்கு வந்தது. உடனே ஸ்டெதஸ்கோப்பும் கையுமாக, மகளையும் கூட்டிக்கொண்டு காருக்கு ஓடியிருந்தார். ஜேனுக்கு இதற்குமுன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளை கென்னத், பாலிங்கில் ஆசிரியர். ஒரு கல்யாண வீட்டில் இருவரும் பார்த்துப் பேசியிருந்தார்கள். எந்தப் படத்தைக் காட்டினாலும் முகத்தைச் சுளிக்கிற பெண், கென்னத் படத்தை மட்டும் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த நாளிலிருந்து இந்தச் சம்பந்தம் எப்படியாவது முடியவேண்டும் என்று பரஞ்சோதி உருகிக்கொண்டிருந்தார்.

"அப்பா, காரப் பாத்தா கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க?" என்றாள் ஜேன்.

"வாக்கு குடுத்துட்டேனேம்மா. நாளைக்குத் தண்ணி வரலைன்னா, பொய் சொல்ற குடும்பம்னு நெனைக்க மாட்டாங்களா?"

அடைப்புக்கு வைத்தியம் தொடங்கியது. மருந்தகத்திலிருந்து மெல்லிய ஊசி ஒன்றை எடுத்துவந்து, பின் கண்ணாடியின் மேலே தண்ணீர் பீச்சுகிற சின்ன மூக்குக்குள் மெதுவாகச் செருகினார். "வலிக்காது" என்று பழக்கத்தில் சொல்லியும் விட்டார். ஊசி 'டிக்' என்றது. பாதி அவர் கையில் இருந்தது, மீதி மூக்குக்குள் இருந்தது.

அந்த நேரம் பார்த்து பிச்சை வந்து சேர்ந்தான். எஸ்டேட் லாரியில் ரப்பர் பால் ஏற்றுகிறவன். முன்பு சுங்கை பட்டாணியில் ஒரு பட்டறையில் பதினோரு நாள் வேலை பார்த்தவன். அந்தப் பதினோரு நாளை வைத்துக்கொண்டு பதினோரு வருஷமாகப் பேசிவருகிறான்.

"ஊசியெல்லாம் மனுஷனுக்குத்தான், காடிக்கு ஆகாது, ஐயா. பாட்டில்ல கொஞ்சம் சம்சு சாராயம் ஊத்துனா போதும். எப்பேர்ப்பட்ட அடைப்பும் கரைஞ்சிரும்லா."

"சம்சுவா? அந்த வாடையே எனக்கு ஆகாதுன்னு தெரியாதா? உன் ஈரல் கரையுறது பத்தாதா?" பரஞ்சோதி கத்தினார். பிச்சையின் ஈரலைப் பற்றி அவர் மாதம் ஒருமுறை பேசுவது வழக்கம். "வேற வழி சொல்லு. வேணும்னா சோப்புத்தூள் போடலாம்."

சோப்புத்தூள் போட்டார்கள். பிறகு பிச்சை சைக்கிள் பம்பை எடுத்துவந்து மூக்கில் பொருத்தி, வெளியிலிருந்து உள்ளே காற்றை அடித்தான். மூக்கு சரியாக நிற்கவில்லை என்று குறடால் ஒரு திருகும் திருகினான். பத்தாவது அடியில் உள்ளே எங்கேயோ 'பொளக்' என்றது.

"வழி விட்டுருச்சு!" என்று பிச்சை குதித்தான்.

ஜேன் பொத்தானை அமுக்கினாள். உடனே, "ஐயோ அப்பா!" என்றாள். காரின் கூரையிலிருந்து சோப்புத் தண்ணீர் அவள் தலையில் சொட்டியது. காற்றின் வேகத்தில் கூரைக்குள் ஓடிய குழாயே கழன்றுபோயிருந்தது.

"குழாய மாத்தணும். கூரையப் பிரிச்சாத்தான் முடியும்" என்றான் பிச்சை.

"பிரிச்சா?"

"பிரிச்சுருவேன். திரும்ப மாட்டுறதுதான் நமக்கு வராது."

பரஞ்சோதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று மருந்தகத்துக்குப் போய், நோயாளிகளுக்குக் குளுக்கோஸ் ஏற்றுகிற நீளமான டியூப் ஒன்றைக் கொண்டுவந்தார். பாட்டிலில் ஒரு முனை, மூக்கில் ஒரு முனை. நடுவில் காரின் உட்கூரை நெடுக வெள்ளைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிற ஆள் மாதிரி ஆகிவிட்டது கார்.

மீண்டும் பொத்தான். மூக்கு நுனியில் ஒரு துளி எட்டிப் பார்த்தது. விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த துளி.

பரஞ்சோதி கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். "நிமிஷத்துக்கு இருபது சொட்டு."

"இந்த வேகத்துல கண்ணாடி கழுவி முடிக்க ஈஸ்டர் வந்துரும்" என்றாள், காப்பி கொண்டுவந்த மனைவி கேதரின்.

டியூபில் சொட்டைக் கட்டுப்படுத்துகிற சக்கரம் இருப்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை முழுசாகத் திறந்துவிட்டு நிமிர்வதற்குள் பிச்சை வேலையைத் தொடங்கியிருந்தான். "கரண்டு பத்தல ஐயா" என்று மோட்டாரின் ஒயரைப் பிடுங்கி, கரண்டு ஓடுகிற வேறு ஏதோ ஒயரோடு முறுக்கினான். புகை ஒன்று மெல்ல எழுந்தது. அதன் பிறகு பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் காரை நிழலுக்குத் தள்ளி நிறுத்தலாம் என்று பரஞ்சோதி ரிவர்ஸ் போட்டதும், பின்னாலிருந்து சோப்புத் தண்ணீர் பீறிட்டு வாழைமரத்தை நனைத்தது.

"அடிச்சிருச்சு!" என்றான் பிச்சை.

"ரிவர்ஸ் போட்டாத்தானடா அடிக்குது! அதுவும் கண்ணாடிய விட்டுட்டு வெளிய அடிக்குது!"

"எப்படி அடிச்சா என்னய்யா? அடிக்கிறேன்னுதான சொன்னீங்க. எந்தப் பொத்தான்னா சொன்னீங்க?"

அதில் நியாயம் இருக்கிற மாதிரி பட்டது. கூரையெல்லாம் பிளாஸ்திரியோடு வாசலில் நிறுத்த வெட்கப்பட்டு, காரை வீட்டுக்குப் பின்னால் குளியலறைப் பக்கமாக நிறுத்திவைத்தார்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் மட்டும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா அந்தோணிதாஸ், பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, வாயெல்லாம் சிரிப்பு. அவர் மனைவி அகத்தா சிரிக்கவே இல்லை. கையில் ஒரு பழம்கூடக் கொண்டு வரவில்லை. வைத்த தேநீரைத் தொடவில்லை. ஜேன் வந்து வணக்கம் சொன்னபோது மட்டும் அந்த அம்மாவின் முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது.

'வேணாம்னு முடிவு பண்ணிட்டு வந்த முகம்' என்று கேதரினுக்குப் பட்டது. பரஞ்சோதியோ, 'கார் மட்டும் சரியாக அடித்துவிட்டால் எல்லாம் மாறிவிடும்' என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

தேநீர் முடிந்ததும் அந்தோணிதாஸ் பரஞ்சோதியின் பக்கமாகச் சாய்ந்தார். "டிரசர் சார், அந்தப் பின்னாடி சமாச்சாரம்... பாத்துரலாமா?"

"தாராளமா. வாங்க."

அந்தோணிதாஸ் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். "போங்க, போங்க. நல்லாப் பாத்துட்டு வாங்க" என்றார் அகத்தா. குரலில் ஈரமே இல்லை.

கொல்லைக்கு வந்ததும் அந்தோணிதாஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு காச்சாங் பொட்டலத்தை எடுத்தார். வறுத்த கடலை கமகமத்தது. தண்ணீர் அடிப்பதைப் பார்க்கக் கடலை எதற்கு என்று பரஞ்சோதிக்குப் புரியவில்லை. பாலிங் பக்கத்துப் பழக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

"எங்க வச்சிருக்கீங்க?" அந்தோணிதாஸ் குரலைத் தாழ்த்தினார்.

"டிக்கிலதான். உள்ள எடது பக்கமா பாட்டில் இருக்கு."

"டிக்கியிலயா! இத்தன வருஷமா எனக்குத் தோணலையே. எவ்வளவு பிடிக்கும்?"

"ஒன்றரை லிட்டர்."

"அலாமாக்! ஒரே நாள்லயா?"

"சேச்சே. ஒரு வாரத்துக்கு வரும். மழ பெஞ்சா கொஞ்சம் அதிகமாகும்."

"மழைன்னா ஆகத்தானே செய்யும்" என்று அந்தோணிதாஸ் ஆதரவாகத் தலையாட்டினார். "கிளாஸ் உள்ளேருந்து எடுத்துட்டு வரணுமா?"

"கிளாஸ் இதோ இருக்கே. நேரா கிளாஸ்லதான் அடிக்கும். நீங்க இப்படிப் பக்கத்துல வந்து நில்லுங்க. நான் ரிவர்ஸ் போடுறேன்."

அந்தோணிதாஸ் ஆசையோடு காருக்குப் பின்னால் வந்து நின்றார். பரஞ்சோதி மனதுக்குள் ஒரு மங்கள வார்த்தை ஜெபத்தைச் சொல்லிவிட்டு, சாவியைத் திருகி, ரிவர்ஸ் போட்டார்.

தண்ணீர் அடித்தது. பழுதில்லாமல், தாராளமாக அடித்தது. திருகிப்போன மூக்கு கண்ணாடியை விட்டுவிட்டு நேராக அந்தோணிதாஸின் முகம், சட்டை, கடலைப் பொட்டலம் என்று ஒன்று விடாமல் நனைத்தது.

அவர் உதட்டை நக்கிப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. "இது... தண்ணி."

"ஆமா சார். தண்ணிதான்."

"சோப்புத் தண்ணி."

"மன்னிச்சிருங்க சார், மூக்குதான் கொஞ்சம்..."

அந்தோணிதாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நனைந்த கடலையை வாழைமரத்தடியில் கொட்டிவிட்டு, வீட்டை நோக்கி நடந்தார். பரஞ்சோதி பின்னாலேயே போனார். கண் கலங்கிவிட்டது. ஒரு பாழாய்ப்போன பாட்டில் தண்ணீரால் மகளின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்ற புருஷனைக் கண்டதும் அகத்தா சடாரென்று எழுந்தார். பக்கத்தில் வந்து சட்டைக் காலரை மோந்து பார்த்தார். அப்புறம் கழுத்தை மோந்தார்.

"ஊதுங்க."

"எல்லாரும் பாக்குறாங்க, அகத்தா..."

"ஊதுங்கன்னு சொன்னேன்."

அந்தோணிதாஸ் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஊதினார். அகத்தா ஒன்றுக்கு இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். ஜேன் கதவோரமாகச் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

அகத்தா திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"அண்ணி, சர்ச் சாமியாரப் பாத்து நாள் குறிச்சிருங்க. வர்ற மாசமே வச்சுக்கலாம்."

பரஞ்சோதி முன்னால் வந்தார். "அம்மா, காடில தண்ணி சரியாக்கூட அடிக்கலையே!"

"காடியா? அதப் பத்தி யாரு கேட்டா?" என்றார் அகத்தா. "நேத்து போன் போட்டது நான்தாண்ணே. முன்னாடியும் உண்டு, பின்னாடியும் உண்டுன்னு நீங்க சொல்லி அனுப்புனதும், வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். ஆனா கட்டிக்கிட்ட இந்த முப்பது வருஷத்துல, இந்த மனுஷன் வீட்டுக்குப் பின்னாடி போயி, உச்சந்தலை வரைக்கும் நனைஞ்சும் தண்ணி வாடையே இல்லாம திரும்பி வந்தது உங்க ஒரு வீட்லதான்!"