கால்வாய் நுளம்பும் பாதுகாப்புக் குழுவும்

நாட்டின் அறிவுச் செல்வம் அந்நியர் கையில் சிக்காமல் காப்பாற்றப்பட்ட நாள் எது என்று வருங்காலம் கேட்குமானால், வெள்ளவத்தையில் ஒரு மாடியறையில் ‘ஆய்வு நிதிப் பாதுகாப்புக் குழு’ கூடிய அந்த வெள்ளிக்கிழமையைத்தான் காட்டவேண்டும். சமுகமளித்தோர்: மேசையின் தலைப்பக்கத்தில், குளிரூட்டிக்கு நேரே, தலைவர் சத்தியநாராயணன். அவருக்கு வலப்புறம், ஓய்வுபெற்ற பாதுகாப்பு அதிகாரி மக்கீன். இடப்புறம், பிஸ்கட் தட்டுக்குக் கையெட்டும் தூரத்தில், செயலாளர் கிளெமென்ற். கதவோரம், குளிரூட்டியின் சொட்டுநீர் தேங்கிய வாளிக்குப் பக்கத்தில், விண்ணப்பதாரி கோமளவல்லி.

வெள்ளவத்தைக் கால்வாயில் பெருகும் டெங்கு நுளம்பை ஒழிக்க கோமளவல்லி ஒரு வழி கண்டிருந்தாள். மழைக்கு முன் நிதி கிடைத்தால் சோதித்துவிடலாம். போன மாரியில் அவளுடைய ஒழுங்கையில் ஆசுப்பத்திரி பார்க்காத வீடு இல்லை. பக்கத்து வீட்டுச் சின்னவள் திரும்பி வரவில்லை.

“வெளிநாட்டில ஆரும் இருக்கினமோ, பிள்ளை?” என்றார் தலைவர்.

“ஓம் சேர். அண்ணா ரொறன்ரோவில.”

மக்கீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கதைப்பாரோ?”

“ஞாயிற்றுக்கிழமையில கதைப்பார்.”

“என்ன கேப்பார்?”

“எப்ப கலியாணம் கட்டப்போறாய் எண்டுதான்.”

“எழுதுங்க கிளெமென்ற்,” என்றார் மக்கீன் தணிந்த குரலில். “‘விண்ணப்பதாரியின் எதிர்காலத் திட்டங்களை வேவு பார்க்கும் தொடர் முயற்சி.’”

“ஐயோ சேர், அவர் பேக்கரியில வேலை. நுளம்பைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை!”

“அதுதான், மகள், சந்தேகம். கூடப் பிறந்தவன் தங்கச்சிட வேலையப் பத்திக் கேக்காம இருப்பானா?”

இத்தனை நுட்பத்தை அவள் எதிர்பார்த்து வந்திருக்கவில்லை.

அப்போது தலைவரின் கைபேசி அடித்தது. லண்டன் மகள். “ஓம் அம்மா, மிளகாய்த்தூள் மருமகனிட்டக் குடுத்தாச்சு... மீட்டிங்கில இருக்கிறன்... நுளம்பு ஆராய்ச்சி, அருமையான கண்டுபிடிப்பு! பிறகு விவரமாச் சொல்லுறன்.” குழு மரியாதையோடு காத்திருந்தது. தலைவருடையது பாசம், விண்ணப்பதாரியுடையது ‘தொடர்பு’. இந்த வேறுபாடு எந்தக் கையேட்டிலும் இல்லை, அனுபவத்தில் வருவது.

“ஆபத்தை நாங்களே மதிப்பிடுறது முறையில்லை,” என்று தலைவர் தீர்ப்பளித்தார். “எங்கட குழுவுக்குக் கையேடு எழுதித் தந்த லண்டன் நிபுணர்களுக்கு முழு ஆய்வையும் அனுப்புவம். இது வெளிநாட்டுக்காரர் கையில போகலாமோ எண்டு பார்த்துச் சொல்லட்டும்.”

“அவையளும் வெளிநாட்டுக்காரர்தானே, சேர்?”

“அவையள் நிபுணர்கள், பிள்ளை.”

“பதில் எப்ப வரும்?”

“மழை முடியேக்க வந்திரும்,” என்று ஆறுதல் சொன்னார் கிளெமென்ற், கடைசி பிஸ்கட்டை எடுத்தபடி.

இவ்வளவு பெரிய இரகசியத்தைத் தபாலை நம்பிக் கொடுக்கலாமா? தலைவரின் மருமகன் அன்றே லண்டன் திரும்புகிறார். கார் கீழே நின்றது. கோமளவல்லி மெழுகுதிரி பிடிக்க, கிளெமென்ற் அரக்கை உருக்கி உறையில் முத்திரை குத்தி, ‘மிக இரகசியம்’ என்று எழுதினார்.

“மருமகன்ர சூட்கேஸ் நிரம்பிட்டுது, சேர்,” என்றார், காரடிக்குப் போய் உறையோடு திரும்பி வந்த கிளெமென்ற்.

“முறுக்குக்குக் கீழ வையுங்கோ. முறுக்கு உடையாமப் பாருங்கோ.”

உறை மறுபடி படியிறங்கிப் போனது. அரக்கு நெடி போக மக்கீன் ஜன்னலைத் திறந்தார். வாளியில் பிறந்த நுளம்பொன்று மெல்லக் கிளம்பி, கோமளவல்லியின் ஒழுங்கைப் பக்கமாகப் பறந்தது. அதற்கு வெளிநாட்டில் யாரும் இல்லாதபடியால், குழு ஆட்சேபிக்கவில்லை.