பிள்ளையார்பாளையத்தில் ஒரு மெக்சிகோ பலகாரம்

கல்யாணப் பேச்சு வரும்வரை "எனக்குத் தெரியாது" என்ற வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததே இல்லை. எல்லாம் தெரிந்திருந்ததால் அல்ல. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு, ஆங்கிலத்தில் நாலு வரி தடுக்காமல் பேசுகிற பெண் செவிலிமேட்டில் அன்றைக்கு நான் ஒருத்திதான். அப்படிப்பட்டவள் தெரியாது என்று சொன்னால் ஊருக்கே அவமானம் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். (எங்கள் அப்பா இதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். அதை அச்சில் போட முடியாது.)

எழுபதுகளின் ஆரம்பம். மெக்சிகோவிலிருந்து லூப்பே என்ற பெண்ணும் அவள் கணவர் ரமோனும் காஞ்சிபுரம் வந்திருந்தார்கள். லூப்பே தன் ஊரில் தறி நெய்கிறவள். புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி நூல்நாடா ஓட்டி நெய்து ஒன்றாகக் கோக்கிற நம்மூர் கோர்வை வேலையைக் கற்காமல் திரும்புவதில்லை என்று, பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் முனுசாமி அண்ணன் வீட்டு மாடியில் குடியேறிவிட்டாள். கீழே தறி, மேலே குடித்தனம். பேச்சை மாற்றிச் சொல்ல என்னை வைத்துக்கொண்டார்கள். லூப்பேவின் ஆங்கிலமும் சுமார், என் ஆங்கிலமும் சுமார். அதனால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது.

ஆனால் கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொண்டது ஸ்பானிஷ். அது வேறு பாஷை என்பது அந்த வீதியில் யாருக்கும் தெரியாது. ஸ்டெல்லாவுக்கு, அதாவது எனக்கு, அவர்கள் பேசுவதெல்லாம் புரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். நான் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

ரமோன் புகைப்படக்காரர். கோபுரம், குளம், சாயத்தொட்டி எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகு அவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்குப் பசியும் இல்லாமல் போனது. இட்லியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊருக்குப் போகலாம் என்று தினமும் நச்சரித்தார். லூப்பேவுக்கோ அப்போதுதான் கரை கொஞ்சம் கைக்கு வந்திருந்தது. ஒரு நாள் பாவு நூலைப் பிடித்தபடியே கண்கலங்கி, அவர் வீட்டில் காலையில் சாப்பிடுகிற பலகாரம் ஒரு தட்டு கிடைத்தால் மனிதர் இன்னும் கொஞ்ச நாள் இருப்பார் என்றாள்.

நீயே செய்து கொடுக்கலாமே என்று கேட்டேன். தனக்குச் சாப்பிட மட்டும்தான் தெரியும், வீட்டில் சமைப்பது மாமியார் என்றாள்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "பேரைச் சொல்லு, நான் செய்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

பெயர் சிலாக்கிலேஸ். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவைத்து, அரைத்து, ரொட்டி தட்டி, அது காய்ந்த பிறகு துண்டு துண்டாகக் கிழித்துப் பொரித்து, மிளகாயும் தக்காளியும் அரைத்த சாற்றில் புரட்டி எடுக்க வேண்டும். மேலே பாலில் செய்த ஏதோ ஒன்றை வெள்ளையாக உதிர்த்துப் போடுவார்கள். எவ்வளவு சுண்ணாம்பு என்று கேட்டேன். லூப்பே யோசித்துவிட்டு, மாமியார் கையால் அள்ளிப் போடுவாள் என்றாள். கையைக் குவித்தும் காட்டினாள். அந்த மாமியார் எத்தனை பேருக்குச் சமைப்பாள் என்று நான் கேட்கவில்லை. (பெரிய குடும்பம் என்று பிறகு தெரிந்தது. மிகவும் பெரிய குடும்பம்.)

எங்கள் சித்தப்பா பாலாற்றுப் பக்கம் மாட்டுத் தீவனத்துக்காக மக்காச்சோளம் போட்டிருந்தார். அதில் ஒரு பை வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். வெற்றிலைக் கடையில் ஒரு கொட்டாங்குச்சி நிறையச் சுண்ணாம்பு கேட்டபோது, வீட்டில் கல்யாணமா என்று விசாரித்தார்கள். காலைப் பலகாரத்துக்கு என்றேன். கடைக்காரர் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

முனுசாமி அண்ணனின் மனைவி காமாட்சி அக்கா முதலிலேயே எச்சரித்தார். "இன்னாமா இது, செவுத்துக்கு அடிக்கிறத சோத்துல போடச் சொல்ற? அந்த மனுஷன் ஏற்கெனவே எளைச்சுப் போயிருக்குது."

இது விஞ்ஞானம் அக்கா என்று சொல்லிவிட்டு முழுவதையும் கொட்டினேன். ராத்திரி முழுக்க ஊறியது. மறுநாள் அந்தச் சோளத்தைப் பலமுறை அலச வேண்டும் என்று லூப்பே சொல்லியிருந்தாள். ஆனால் தானியத்தை அதிகம் கழுவினால் சத்து போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் நான் படித்திருந்தேன். சத்து போகக்கூடாதே என்று ஒரே ஒரு தண்ணீரில் அலசி ஆட்டுக்கல்லில் போட்டுவிட்டேன்.

மாவு மஞ்சளாக, மண்வாசனையோடு திரண்டு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரொட்டி தட்டி, மொட்டை மாடியில் வடாம் மாதிரி காயவைத்தோம். வீதியே வந்து பார்த்துவிட்டுப் போனது. மெக்சிகோ பலகாரம் நாளைக் காலை தயார் என்று நானே எல்லோருக்கும் சொன்னேன். வந்து ருசி பார்க்கச் சொன்னதும் நான்தான். ரமோனுக்கு மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அடுப்படியில் திருவிழாக் கூட்டம். நான் சாறு கொதிக்கவிட்டுத் திரும்பிய ஒரு நிமிஷத்தில் காமாட்சி அக்கா அதில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டிவிட்டார். தாளிக்காமல் ஒரு பதார்த்தத்தை மனிதர்களுக்குப் பரிமாற மனசு வரவில்லையாம். வெள்ளையாக, உதிரியாக, பாலில் செய்தது வேண்டும் என்று முனுசாமி அண்ணனிடம் சொல்லியனுப்பியிருந்தேன். அவர் சைக்கிளில் போய், பெருமையாகப் பால்கோவா வாங்கி வந்தார். திருப்பி அனுப்ப நேரமில்லை. அதையும் தூவினேன்.

ரமோன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பொரித்த சோளத்தின் வாசனை மூக்கில் பட்டதும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். தட்டைப் பார்த்தார், லூப்பேவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். அந்த நிமிஷத்தில் நான் மெக்சிகோவையே காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

உட்கார்ந்து ஒரு வாய் போட்டார். மென்றார். மனைவியிடம் ஏதோ சொன்னார். அவளும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் குரல் உயர்ந்தது. அவர் சாற்றைச் சுட்டிக் காட்டினார், அவள் ரொட்டியைச் சுட்டிக் காட்டினாள். கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

"இன்னாமா சொல்றாரு?" என்றார் முனுசாமி அண்ணன்.

எனக்கு ஒரு அட்சரம்கூடப் புரியவில்லை. "உப்பு கொஞ்சம் கம்மின்னு சொல்றாரு" என்றேன்.

காமாட்சி அக்கா உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தார். சண்டை நிற்கவில்லை. ரமோன் எழுந்து நின்று, கையை விரித்து, நீளமாக எதையோ விளக்கினார்.

"உப்பு கம்மின்னு சொல்றதுக்கா இவ்ளோ நேரம்?"

"அவங்க பாஷையில உப்புக்கு நீளமான வார்த்தை, அண்ணே."

(உண்மையில் நடந்தது இது, லூப்பே பிறகு சொன்னாள்: பச்சை மிளகாய்ச் சாறுதான் அசல், சிவப்பு போலி என்பது ரமோன் கட்சி. சிவப்புதான் அசல் என்பது அவள் கட்சி. ரொட்டி மொறுமொறுவென்று இருக்கணுமா, ஊறி இருக்கணுமா என்பதில் இரண்டு குடும்பமும் கல்யாணத்தன்றே பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கிறது. கறிவேப்பிலையையும் பால்கோவாவையும் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் மட்டும் ஒற்றுமை.)

அதற்குள் மற்றவர்களும் ருசி பார்த்துவிட்டார்கள். காமாட்சி அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு, இது அப்பளக் கூட்டு, இதை அவர் பிறந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள், இதில் மெக்சிகோ எங்கே இருக்கிறது என்றார். முனுசாமி அண்ணன் மறுத்தார். அப்பளக் கூட்டில் பருப்பு உண்டு, அவர் அம்மா பருப்பு போட்டுத்தான் செய்வார். பருப்பு போட்டால் அது கூட்டே இல்லை என்றார் அக்கா. ஒரு பக்கம் ஸ்பானிஷில், மறுபக்கம் தமிழில், ஒரே தட்டைச் சுற்றி இரண்டு தம்பதிகள் அசல் எது என்று அடித்துக்கொண்டார்கள். நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர்.

திடீரென்று ரமோன் பாதி வாக்கியத்தில் நின்றார். வாயைத் திறந்தார், மூடவில்லை. லூப்பேவும் நிறுத்தினாள். காமாட்சி அக்கா நாக்கை வெளியே நீட்டி விரலால் தொட்டுப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டத்தில் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். எனக்கும் நாக்கின் நுனி திகுதிகுவென்று எரிய ஆரம்பித்தது.

பல வருஷம் வெற்றிலை போட்ட முனுசாமி அண்ணனுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"சுண்ணாம்பு. எல்லாருக்கும் வாய் வெந்துபோச்சு. தயிர் எடுத்துனு வா."

அக்கம்பக்கத்து வீட்டுத் தயிர் எல்லாம் வந்து சேர்ந்தது. கூடம் முழுக்க ஆட்கள் வாயில் தயிரை அடக்கிக்கொண்டு, கன்னம் உப்ப, பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீதியில் அன்று மதியம் வரை தறிச் சத்தம் கேட்கவில்லை. கோர்வைத் தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து, எப்போது நாடாவை மாற்றுவது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே நெய்ய வேண்டும், வாயில் தயிரோடு அது முடியாதே.

அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். ஆங்கிலத்தில் கேட்டேனா தமிழில் கேட்டேனா என்று நினைவில்லை, நாக்கு வீங்கியிருந்ததால் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. ரமோன் என்னைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வாயிலிருந்த தயிர் சட்டையெல்லாம் வழிந்தது. அதைப் பார்த்து லூப்பே சிரித்தாள், பிறகு வீதியே சிரித்தது, எரிகிற வாயோடு.

நாக்கு ஆறும்வரை அவரால் எதையும் மெல்ல முடியவில்லை. இட்லியைத் தயிரில் பிசைந்து காமாட்சி அக்கா கொடுக்க, வேறு வழியில்லாமல் விழுங்கினார். வாய் ஆறிய பிறகும் அதையேதான் கேட்டார். ஊருக்குப் போகும் பேச்சை அவர் எடுக்கவில்லை. லூப்பே தன் முதல் புடவையைக் கரையோடு தறியிலிருந்து அறுத்து எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினாள்.

எனக்குத்தான் பெயர் நிலைத்துவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணுக்குச் சமையல் தெரியுமா என்று கேட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரியாது என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காமாட்சி அக்கா சும்மா இருக்கவில்லை. "மெக்சிகோ சமையல் மட்டும் வரும்மா, ஒரு வேளை சாப்ட்டா ஒரு வாரத்துக்குப் பசிக்காது" என்றார். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகவே சம்மதித்தேன்.

எங்கள் வீட்டில் இன்றும் மிச்சமான சப்பாத்தி கிழிபட்டுத் தக்காளிச் சாற்றில் விழுகிறது, கறிவேப்பிலை தாளிப்போடு, சுண்ணாம்பு இல்லாமல். பெயர் சிலாக்கி. மகள் வேலைக்காக அமெரிக்கா போனவள், அங்கே ஒரு மெக்சிகோக்காரர் ஓட்டலில் கிட்டத்தட்ட அதே பெயரைப் பார்த்து ஆசையாக வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். சாப்பிட்ட கையோடு எனக்குப் போன் செய்தாள்.

"பாவம்மா, இவங்களுக்கு இது செய்யவே தெரியல. தாளிக்காமக் குடுக்குறாங்க. நான் உள்ள போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன்."